டீசலில் ஓடி ஜெயித்த ரேஸ் கார்



பாப்பாரப்பட்டி என்றால் எல்லோருக்கும் சுப்பிரமணிய சிவா ஞாபகம்தான் வரும். அவரைப் பற்றி இங்கே நிறைய எழுதிவிட்டேன். இன்றைக்கு விஷயம் வேறு. ஒரு ரேஸ் கார். ரிடையர்டு வாத்தியாருக்கு ரேஸ் காரோடு என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். நம்ம தொப்பூர் கணவாயில் முக்கி முக்கி ஏறும் லாரிக்கும் அந்தக் காருக்கும் உறவு உண்டு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

காரின் பெயர் ஆடி ஆர்10 டிடிஐ. ஜெர்மனியில் செய்தது. பிரான்சில் லீ மான்ஸ் என்ற ஊரில் 1923-லிருந்து 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்குத்தான் முடிவு. யார் வேகம் என்பதல்ல கணக்கு, 24 மணி நேரத்தில் யார் அதிக தூரம் போனார் என்பதே கணக்கு. 2006-ல் இந்தக் கார் ஜெயித்தது. அந்தப் பந்தயத்தில் ஒரு டீசல் கார் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. 2007, 2008-லும் இதே கார்தான்.

கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? ஒரு சுற்று 13.65 கிலோமீட்டர். 2006-ல் 380 சுற்று. பெருக்கிப் பார்த்தால் 5,187 கிலோமீட்டர். நம்ம தருமபுரி வழியாகப் போகிறதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை, அதன் மொத்த நீளமே 3,745 கிலோமீட்டர்தான். அதாவது காஷ்மீரில் கிளம்பி, குமரி வந்து, வண்டியைத் திருப்பி, மறுபடி தருமபுரியைத் தாண்டி, ஐதராபாத்தையும் தாண்டிய தூரம். ஒரே நாளில்! டீசல் போட, டயர் மாற்ற நின்ற நேரத்தையும் சேர்த்தே சராசரி வேகம் மணிக்கு 215 கிலோமீட்டர்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்றால், என் அண்ணன் லாரி டிரைவர். முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவர். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமா முடித்து வேலைக்குப் போன பள்ளிகளில் எல்லாம் ஒரு வசனம் கேட்டிருக்கிறேன். "படிக்கலைன்னா லாரி ஓட்டத்தான் போகணும்." பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொல்வது. எனக்கு அது எப்போதும் பிடித்ததில்லை. டர்போ என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது எந்தப் புத்தகமும் இல்லை, எட்டாவதோடு நின்ற என் அண்ணன்.

எஞ்சினிலிருந்து வெளியே வரும் புகை வீணாகத்தானே போகிறது? அந்தப் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற விடுகிறார்கள். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். கொல்லன் உலைக்குத் துருத்தி எப்படியோ அப்படி. காற்று அதிகம் போனால் கூடுதல் டீசலை எரிக்கலாம், இழுவை கூடும். ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-லேயே இதற்கு காப்புரிமை வாங்கிவிட்டார். லீ மான்ஸில் டர்போ கார் முதலில் ஜெயித்தது 1976-ல், போர்ஷே 936. பிறகு 1982-ல் போர்ஷே 956 கார்கள் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டு போய், அதே வரிசையில் முதல் மூன்று இடத்தையும் பிடித்தன. அந்தக் கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஆனால் அவையெல்லாம் பெட்ரோல்.

அண்ணன் சொல்வார், "டர்போ வண்டியை மேடு ஏறி வந்த உடனே ஆஃப் பண்ணாதே. ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும்." அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். ஆயில் படலத்தில் மிதந்துதான் சுற்றுகிறது. திடீரென்று எஞ்சினை நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்று, சூட்டில் கருகிப் போகும். அடுத்த செலவு முதலாளிக்கு, திட்டு டிரைவருக்கு.

ஆர்10-ல் இருந்தது 5.5 லிட்டர், 12 சிலிண்டர், இரண்டு டர்போ. 650 குதிரைத்திறனுக்கு மேல். ஆனால் சத்தமே கிடையாது! ரேஸ் கார் என்றால் காது கிழிய வேண்டாமா? இது காற்று கிழியும் ஓசையோடு 'உஸ்' என்று போகும். ஓட்டுபவருக்கே எஞ்சின் சத்தம் சரியாகக் கேட்காது, விளக்கைப் பார்த்துத்தான் கியர் மாற்றுவார்களாம். டீசல் சிக்கனம், அதனால் டாங்க் நிரப்ப அடிக்கடி உள்ளே வர வேண்டியதில்லை. இந்தச் சாதகம் அதிகம் என்று 2007-லேயே டீசல் கார்களின் டாங்க் அளவை 90 லிட்டரிலிருந்து 81 ஆகக் குறைத்துவிட்டார்கள். அப்படியும் ஜெயித்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2008. பிரான்சின் பெஜோ நிறுவனமும் டீசல் டர்போ காரோடு வந்தது. ஆடியைவிட ஒரு சுற்றுக்கு ஐந்து விநாடிக்கு மேல் வேகம். ஐந்து விநாடி என்றால் ரேஸில் ஒரு யுகம். முந்தவே முடியாது என்று ஆடிக்காரர்களுக்கும் தெரியும். அவர்கள் மழைக்குக் காத்திருந்தார்கள். மழை வந்தது. பெஜோ தடுமாறியது. கிறிஸ்டென்சன், மெக்நிஷ், கபெல்லோ மூன்று பேரும் மாற்றி மாற்றி ஓட்டி 381 சுற்று முடித்தார்கள். இரண்டாவது வந்த பெஜோவும் அதே 381-ஆவது சுற்றில்தான். 'ட்ரூத் இன் 24' என்று இதைப் படமாகவே எடுத்திருக்கிறார்கள். கிடைத்தால் பாருங்கள்.

இனி நம்ம ஊர்க் கதை. 2009-ல் ஆடி நிறுவனம் புதுக் காருக்குப் போய்விட்டது. பழைய ஆர்10 கார்கள் இரண்டை கோலின் கோலஸ் என்பவரின் அணி ஓட்டியது. கோலஸ் பல் டாக்டருக்குப் படித்தவர் என்பது கூடுதல் தகவல். 14-ஆம் எண் காருக்கு மூன்று ஓட்டுனர்கள். அதில் ஒருவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா 1-க்குப் போன முதல் இந்தியர், அவரேதான். ஆனால் பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரிலிருந்து விழுந்து, தோள்பட்டை நழுவிவிட்டது. ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற இருவர், ஸ்வோல்ஸ்மனும் லோட்டரரும், 24 மணி நேரத்தையும் தங்களுக்குள் பங்கு போட்டு ஓட்டி, ஏழாவது இடத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நரேன் ஓரத்தில் நின்று பார்த்திருப்பார். லீ மான்ஸில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெயர் மூன்று வருஷம் கழித்து சென்னை கருண் சந்தோக்குக்குப் போனது. 2012-ல் அவர் அணி ஆறாவது வந்தது. பெருமைதான். ஆனாலும் அந்த டீசல் காரில் நம்ம ஆள் ஒரு சுற்றாவது ஓட்டியிருக்கலாமே என்று எனக்கு இன்னமும் ஆற்றாமை.

போன மாதம் அண்ணனை உட்கார வைத்து 2008 வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லோடு இல்லாம போறவனுக்கு என்னடா கஷ்டம்?" என்றார். அப்புறம் ராத்திரிக் காட்சி வந்தது. இருட்டில் மழை, கண்ணாடியில் தண்ணீர், எதிரே ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். "தூக்கம் வந்தா என்ன பண்ணுவாங்க?"

விதியைச் சொன்னேன். ஆறு மணி நேரத்தில் ஒருவர் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தமாக 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மீறினால் தண்டனை உண்டு.

நம்ம நாட்டிலும் 1961-லேயே சட்டம் போட்டார்கள். நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. அண்ணனிடம் இதையும் சொன்னேன். காய்ச்சலோடு நாக்பூரிலிருந்து ஒற்றை ஆளாக வண்டி கொண்டுவந்தவர் அவர். இதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நாலு மணி நேரம் ஆனா எறங்கச் சொல்லிடுவாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "படுக்க எடம் குடுப்பாங்களா?" என்றார்.