எங்கும் போகாத கப்பல்

பிரயாணம் என்றால் புறப்படும் ஊர் ஒன்று, போய்ச் சேரும் ஊர் ஒன்று என இரண்டு ஊர்கள் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட இலக்கணம். காசிக்குப் புறப்பட்டவன் காசிக்குப் போகிறான். பழனிக்குக் காவடி எடுத்தவன் பழனிக்குப் போகிறான். சென்னையில் ஏறி, இரண்டு இரவு கடலில் மிதந்துவிட்டு, மறுபடியும் சென்னையிலேயே இறங்குவதற்காகக் கையிலுள்ள பணத்தைக் கொடுப்பவனைப் பற்றி அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம். அப்படிக் கொடுத்தவர்களில் நாமும் ஒருவர்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்பட்ட செய்தி 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பத்திரிகைகளில் படத்துடன் வெளியாயிற்று. விசாகப்பட்டினம் வரை போய் வரும் நீண்ட பிரயாணமும் அப்போது இருந்தது. எந்த ஊரிலும் கரை சேராமல் நடுக்கடல் வரை சென்று திரும்பும் இரண்டு இரவுப் பிரயாணமும் இருந்தது. உபாத்தியாயர் சம்பளத்துக்குப் பின்னதுதான் எட்டியது. ஆனால் சம்பளம் மட்டும் காரணமல்ல. வீட்டில் நடந்துகொண்டிருந்த ஒரு வழக்குக்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது.

அவ்வருஷம் நம் குமாரிக்கு வயது 16, பன்னிரண்டாம் வகுப்பு. குமாரனுக்கு 13. இதற்கு இரண்டுங்கெட்டான் பிராயம் என்று நம்மவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தை என்று கொஞ்சினால் கோபம் வரும். பெரியவர் என்று பொறுப்புக் கொடுத்தால் தூக்கம் வரும். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக இந்தப் பிராயத்தாருடன் பழகியவர் நாம். ஆயினும் சொந்த வீட்டில் அந்த அனுபவம் செல்லுபடியாவதில்லை.

மறு வருஷம் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது குமாரியின் பிடிவாதம். அதற்கு இடமில்லை என்பது அவள் தாயாரின் பிடிவாதம். “தெருக்கோடிக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நாலு தடவை போன் செய்ய வேண்டியிருக்கிறது. இவள் விடுதியில் எப்படித் தனியாக இருப்பாள்?” என்று அவர் கேட்டார். அதற்கு அந்தப் பெண், “நாலு தடவை போன் செய்வது நீங்கள்தானே, அம்மா? ஒரு நாளாவது செய்யாமல் இருந்து பாருங்கள். பிறகு நான் எப்படி இருப்பேன் என்று சொல்லுங்கள்” என்றாள்.

கேள்வி நியாயமானதுதான். நீந்தத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமானால் தண்ணீரில் இறக்கித்தான் பார்க்க வேண்டும். ஆனால் எந்தத் தண்ணீரில் இறக்குவது? நகரத்தில் ஒரு பெண்ணையோ பையனையோ, “போ, நாள் முழுவதும் உன் இஷ்டப்படி சுற்றிவிட்டு வா” என்று அனுப்பப் பெற்றோருக்குத் துணிவு வருவதில்லை. லாரி இருக்கிறது, இருட்டு இருக்கிறது, எந்தப் பஸ் எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற கவலை இருக்கிறது. உல்லாசக் கப்பலோ ஆயிரக்கணக்கான ஜனங்கள் உள்ள ஊர். அந்த ஊரில் சாலை கிடையாது, வண்டி கிடையாது, ஊரை விட்டு வெளியேறும் வழியும் கிடையாது. சுதந்தரத்தை அளந்து கொடுப்பதற்கு இதைவிடத் தோதான படி நமக்குத் தென்படவில்லை.

நாங்கள் ஏறிய கப்பலுக்குப் பதினொரு தளங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். அறைக்குச் சாவி அதுவே. கடையில் பணம் அதுவே. ஆள் அடையாளமும் அதுவே. குழந்தைகளின் அட்டைகளில் கடன் வாங்கும் வசதி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வைத்தோம். மூன்று வேளை உணவு கட்டணத்திலேயே அடக்கமாகையால், அவர்கள் பட்டினி கிடக்க ஏதுவில்லை. பிராயம் வராதவர்களை மதுபானச் சாலையிலும் சூதாட்டக் கூடத்திலும் அனுமதிப்பதில்லை என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

எங்கள் அறை கப்பலின் உட்புறத்தில், ஜன்னல் இல்லாதது. விலை குறைவு என்பதால் எடுத்தோம். விளக்கை அணைத்தால் காலை பத்து மணியும் நடுநிசிதான். இந்தப் பிராயத்தாரின் உறக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான அறையைச் சிற்ப சாஸ்திரிகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கப்பல் நகருமுன் எல்லோரையும் குறித்த இடத்தில் கூட்டி அபாய ஒத்திகை நடத்தினார்கள். ஏழு குறுஞ் சங்கும் ஒரு நெடுஞ் சங்கும் ஊதினால் அவரவர் இடத்துக்கு வந்துவிட வேண்டும். குமாரன் இதைப் பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையைப் போல் பாவித்துக் கொட்டாவி விட்டான். அவனுக்கு இரண்டு சமாசாரங்களைச் சொன்னோம். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். படகுகளில் இருந்த இடம் 1,178 பேருக்கு. மாண்டவர்கள் 1,500 பேருக்கு மேல். அதன் பிறகே, 1914-இல், கடலில் உயிரைக் காப்பதற்கான முதல் சர்வதேச உடன்படிக்கை லண்டனில் கையெழுத்தாயிற்று. இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தனர். அன்று மாலை புதிதாக ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதுவரை ஒத்திகையே நடந்திருக்கவில்லை. புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்டவுடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்ற விதி அதன் பயனாகப் பிறந்து, 2015 முதல் அமலுக்கு வந்தது. பையன் கொட்டாவியை நிறுத்திக்கொண்டு படகுகளை எண்ண ஆரம்பித்தான்.

பிறகு எங்கள் குடும்பச் சட்டத்தை வகுத்தோம். இரவு உணவு நால்வரும் ஒரே மேஜையில். இருட்டிய பின் திறந்த மேல்தளத்துக்குப் போவதானால் இருவராகவே போக வேண்டும். அயலார் அறைக்குள் காலடி வைக்கக் கூடாது. இரவு பத்து மணிக்கு அறையில் இருக்க வேண்டும். இந்த நான்கையும் குமாரி ஆட்சேபம் இல்லாமல் ஒப்புக்கொண்டு, ஐந்தாவது ஷரத்து ஒன்றைத் தானே சேர்த்தாள்: “பத்து மணி வரையில் நீங்கள் எங்களைத் தேடிக்கொண்டு வரக் கூடாது.” நம் துணைவியார் நம் முகத்தைப் பார்த்தார். நாம் ஒப்புக்கொண்டோம்.

கரை மறைந்த சிறிது நேரத்துக்கெல்லாம் கைப்பேசிகள் ஊமையாகிவிட்டன. கப்பலில் இணையத்துக்குத் தனிக் கட்டணம். அதை நாங்கள் கட்டவில்லை. இதனால் குழந்தைகள்தாம் தவித்துப் போவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒரு மணி நேரம் வரையில் அவர்கள் கண்ணாடிப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தது உண்மை. அதன் பின் இருவரும் எங்கோ மறைந்துவிட்டார்கள். தவித்தது தாய் தந்தையரே. “எங்கே இருக்கிறாய்?” என்று கேட்க வழியில்லை. கை தானாகவே பைக்குள் போகிறது. வெறுமனே திரும்பி வருகிறது. பரீட்சை குழந்தைகளுக்கு என்று எண்ணிக் கப்பல் ஏறினோம். வினாத்தாள் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

காற்றுக் காலமாகையால் அன்றிரவு கப்பல் சற்று ஆடியது. கடல் மயக்கம் வருவது எப்படி என்றால், அறைச் சுவர் அசையவில்லை என்று கண் சாட்சி சொல்கிறது. அசைகிறது என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சாட்சி சொல்கிறது. தீர்ப்புச் சொல்ல முடியாமல் வயிறு கலங்குகிறது. கப்பலின் நடுப்பாகத்தில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணும் காதும் சமாதானமாகிவிடும். இதை வீட்டில் முன்கூட்டியே குழந்தைகளுக்குச் சொல்லி, இஞ்சி மரப்பாவும் வாங்கி வைத்திருந்தோம்.

மறுநாள் பகல் ஒரு வயோதிக அம்மையார் எங்கள் மேஜைக்கு வந்தார். “நீலப் பாவாடை கட்டிய பெண் உங்கள் பெண்தானா, தம்பி?” என்று நம்மைக் கேட்டார். நமக்குத் திக்கென்றது. அவர் சொன்னதாவது: முதல் நாள் மாலை, இருட்டும் முன், தமக்கு மயக்கம் வந்து நடைவழியில் உட்கார்ந்துவிட்டாராம். குமாரி அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று, நடுப்பாகத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, அடிவானத்தைப் பார்க்கச் சொல்லி, இஞ்சி மரப்பா கொடுத்து, கப்பல் வைத்தியரிடம் தம்பியை அனுப்பிச் சொல்லி, அவருடைய பிள்ளை வரும் வரையில் கூடவே இருந்தாளாம். “பேரைக் கேட்டேன். ஊரைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எந்த வகுப்பு என்று கேட்டபோதுதான் பள்ளிக்கூடத்துப் பெண் என்று தெரிந்தது” என்றார்.

முந்தின இரவு உணவின்போது இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நம் பெண்ணைப் பற்றிய சேதியை ஓர் அந்நியர் வாயால் நாம் கேட்டது அதுவே முதல் தடவை. துணைவியார் வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், “மரப்பா மீதி இருக்கிறதோ என்னவோ” என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் நாள் பகல் முழுவதும் நாற்புறமும் நீர். மேல்தளத்தில் அக்காளும் தம்பியும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் மட்டத்துக்கு 30 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் எவ்வளவு தூரம்? பூமியின் ஆரத்தை வைத்துச் செங்கோண முக்கோணக் கணக்கில் பார்த்தால் சுமார் 20 கிலோமீட்டர் வருகிறது. “அப்படியானால் 40 கிலோமீட்டர் அகலமுள்ள வட்டத்துக்கு நாம்தான் மையம்” என்றான் பையன். கீழே ஆழம் எவ்வளவு என்று கேட்டான். வங்காள விரிகுடாவின் சராசரி ஆழம் சுமார் 2,600 மீட்டர் என்றோம். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். வீட்டில் ஒரே நாற்காலிக்காக யுத்தம் செய்யும் இவ்விருவரும் இரண்டு நாளாக ஒரு சண்டையும் போடவில்லை என்பது அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது. வேறு துணை இல்லாத இடத்தில் உடன்பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகிவிடுகிறார்கள்.

அன்றிரவு மணி பத்தாயிற்று. குழந்தைகள் வரவில்லை. பத்தேகால் ஆயிற்று. ஷரத்துப்படி இப்போது தேடலாம். துணைவியார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். நாம் கதவைத் திறந்தோம். எதிரே இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். மீன்பிடி படகுகளின் விளக்குகள் கடலில் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தானாம் பையன். அவன் கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்து மணி தெரியவில்லை. கடிகாரம் கட்டியிருந்த அக்காள் தன் கணக்கில் பத்து நிமிஷம் பார்க்க விட்டுவிட்டு, பிறகு இழுத்து வந்திருக்கிறாள். “தாமதத்துக்கு நான்தான் பொறுப்பு. அவன் அவ்வளவு ஆசையாகப் பார்த்தான்” என்றாள். பொறுப்பு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அதற்கு முன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். எல்லாம் பிறர் மீது சுமத்துவதற்காக.

அவர்கள் உறங்கிய பிறகு நமக்கு நம் பாட்டனார் நினைவு வந்தது. 1926-இல் கட்டப்பட்ட ராஜூலா என்ற நீராவிக் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தமிழர்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்ததை முதியோர் பலர் அறிவர். நம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் அந்தக் கப்பலில் ஏறியபோது அவருக்கும் வயது பதினாறுதான். அறை கிடையாது; தளத்தில் பாயை விரித்துப் படுத்து, ஆயிரக்கணக்கானவர்களோடு ஒருவராகப் போனார். அவருடைய தாயாருக்கு முதல் கடிதம் வர மாதக் கணக்காயிற்றாம். பசி அவர்களைப் பிரித்தது. வேறு வழி இருக்கவில்லை. அந்தத் தாயார் பட்டதை நாம் படவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பதினாறு வயதுக்கு எவ்வளவு கனம் தாங்கும் என்பதற்கு நம் குடும்பத்திலேயே சாட்சி இருக்கிறது. அதை மறந்துவிட்டு, தெருக்கோடிக் கடைக்கு நாலு தடவை போன் செய்கிறோம்.

இத்தகைய பிரயாணம் செல்ல நினைக்கும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். ஊர்கள் அதிகம் உள்ள பிரயாணத்தைத் தேடி ஓட வேண்டாம். கரை இறங்கும் ஒவ்வோர் ஊரிலும் நீங்கள் மறுபடியும் மேய்ப்பர்களாகிவிடுவீர்கள். குழந்தைகளுக்குக் கைக்கடிகாரம் கட்டி அனுப்புங்கள். சட்டங்கள் நான்குக்கு மேல் வேண்டாம்; அவர்களும் ஒன்று சேர்க்கட்டும். அவர்கள் சேர்த்த சட்டத்தை நீங்கள் மீறாதீர்கள். அதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

2023-இல் குமாரி வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்தாள். ரயிலடியில் அவள் தாயார் அழவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பெட்டியில் இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் வைத்தார். தினந்தோறும் இரவு உணவு வேளையில் ஒரு தடவை பேசுவதென்று ஏற்பாடு. மற்ற நேரங்களில் நாங்கள் தேடிக்கொண்டு போவதில்லை.