வாங்கில் இருந்த மூன்று பேர்

2021 பட்டிப்பொங்கல் அன்று விடிய ஐந்தரைக்கு நாங்கள் மூன்று பேரும் கச்சாய் வீதியில் ஒருத்தன்ர வீட்டு விறாந்தையில் ரீவிக்கு முன்னால் இருந்தம். முதல் நாள் பொங்கின புக்கை மிச்சம் கிடந்தது. பிரிஸ்பேனில் ரெஸ்ற் மட்ச் தொடங்குது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு அதுதான் முதல் ரெஸ்ற்.

இந்திய அணி எண்டால் உயிரை விடுற ஆக்கள் இல்லை நாங்கள். ஆனா நடராஜன் எங்கட ஆள். தமிழன் எண்டதால மட்டும் இல்லை. பள்ளிக்கூட ரீமில் இரண்டு வருசம் வாங்கில இருந்த ஆக்கள் நாங்கள். அவரும் அந்தச் சுற்றுப்பயணத்துக்கு நெற் போலராகத்தான் போனவர். (ஒரு தமிழகச் செய்தியில் 'வலைப்பந்து வீச்சாளர்' எண்டு இருந்ததைப் பார்த்து ஒருத்தன்ர அம்மா, "உது பொம்பிளைப் பிள்ளையள் விளையாடுறதெல்லோ?" எண்டு கேட்டா.)

வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம், நடராஜனுக்கு ரி-20 அணியில் இடம். டிசம்பர் 2 கன்பராவில் முதல் ஒருநாள் ஆட்டம், 4ஆம் திகதி அதே இடத்தில் முதல் ரி-20. பிறகு பும்ரா, அஸ்வின், ஜடேஜா எல்லாரும் காயம். ஜனவரி 15 ரெஸ்ற். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். ரி-20 தொடரை வென்றதும் கோலி கிண்ணத்தை அவர்ர கையில குடுத்ததும், ஊர் திரும்பேக்க குதிரை வண்டியில் ஊர்வலம் போனதும் எல்லாரும் பார்த்ததுதான்.

எங்கட வாங்கிலயும் ஒரு நட்சத்திரம் இருந்தான். பேர் வேண்டாம், இதை வாசிப்பான். தண்ணிப் போத்தலோட அவன் மைதானத்துக்குள்ள ஓடுற ஓட்டத்துக்கே வேப்பமரத்தடியில் கைதட்டல் விழும். வெல்லப்போற மட்ச் எண்டால் "இறக்கு! இறக்கு!" எண்டு கத்துவாங்கள். சேர் சிரிப்பார், இறக்கமாட்டார். அவனும் குனிஞ்சு கும்பிடு போடுவான். முழுப் பள்ளிக்கூடத்துக்கும் அவனைத் தெரியும். அவன் பந்து போட்டு ஒருத்தரும் பார்த்ததில்லை.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்திலும் இந்தப் பழக்கம் இருக்கு. வெற்றி உறுதியான பிறகு, கடைசி வாங்குக்காரனை இறக்கச் சொல்லிக் கூட்டம் கத்தும். ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் மார்க் டைற்றஸ் எண்டொருவர் அப்படி இருந்தவர். ஒரு நிமிடம் ஆடுவார். புள்ளி, பிடிச்ச பந்து, குடுத்த பந்து எல்லாம் பூச்சியம். ஸ்கோர் அட்டையில் ஒன்றுக்குப் பின்னால் வரிசையாகச் சைபர் நிற்க, அதுக்கு 'ட்ரில்லியன்' எண்டு பேர். படிக்கேக்கையே 'கிளப் ட்ரில்லியன்' எண்டு ஒரு வலைப்பூ எழுதி, அதாலயே பிரபலமானார். தன்னைப் பற்றின பகிடியைத் தானே சொன்னார். எங்கட நண்பனைப் பற்றின பகிடியை மற்றாக்கள் சொல்லிச்சினம். அந்தக் கைதட்டலில் அன்பு எவ்வளவு, நக்கல் எவ்வளவு எண்டு அவனுக்கும் பிரிக்கத் தெரியேல்லை, எங்களுக்கும் தெரியேல்லை.

இன்னொண்டையும் சொல்லவேணும். வாங்கில இருந்து நாங்கள் வேண்டினது ஆருக்காவது கால் பிரளவேணும் எண்டுதான். கடைசி வருசம் எங்கட ஆரம்பத் துடுப்பாட்டக்காரனுக்கு விரல் முறிஞ்சுது. ஐஸ் வைச்சது நாங்கள்தான். வைச்சுக்கொண்டே சேரைப் பார்த்தம், மூண்டு பேரும். அடுத்த மட்ச்சுக்கு சேர் பதினேழு வயசுப் பிரிவில இருந்து ஒரு சின்னப் பெடியனை எடுத்தார். முறிஞ்ச விரலை இப்ப நினைச்சாலும் வெக்கமாத்தான் இருக்கு.

அண்டைக்கு நடராஜன் முதலில் வேட்டை எடுத்தார், பிறகு 108 அடிச்ச லபுஷேனை. அந்த இன்னிங்ஸில் 78 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். நாங்கள் கத்தின கத்தில மாடு மிரண்டுது. கத்தி முடிய அவன்தான் கேட்டான்: "நெற் போலரா நாலு பேரை எல்லோ அறிவிச்சவங்கள். மற்ற மூண்டு பேரும் ஆர்?"

போனில் தேடினம். கம்லேஷ் நாகர்கோட்டி, கார்த்திக் தியாகி, இஷான் பொரெல். நடராஜனும் ஆடினது அந்த ஒரேயொரு ரெஸ்ற்தான்.

இப்ப நாங்கள் கம்பஸ். அவன் சனி, ஞாயிறில் சின்னப் பெடியளுக்கு நெற்றில பந்து போடப் போறான். போன கிழமை, "இப்பவும் ஒருத்தரும் பார்க்கேல்லையேடா" எண்டம்.

"அடிக்கிறவன் பாக்கிறான்தானே" எண்டான்.