திரும்பி வரும் சேலை

ஆன்லைனில் சேலை விற்கிற தொழிலில் விற்பது சுலபமான பாதி. மீதிப் பாதி, பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு வாட்ஸ்அப்பில் வரும் "டேமேஜ் பீஸ் அனுப்பிட்டீங்க" என்ற ஒற்றை வரியில் ஆரம்பிக்கிறது. அந்த வரிக்கு என்ன பதில் எழுதுவது, எழுதுவதற்கு முன் என்ன பார்ப்பது என்பதைத்தான் சின்னாளபட்டியில் ஓர் அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்து கற்றுக்கொண்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது சின்னாளபட்டி. காந்திகிராமத்துக்குப் பக்கத்து ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்கும். ஒரு காலத்தில் செயற்கைப் பட்டு நூலில் நெய்த 'சின்னாளபட்டு' இந்த ஊரின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. இப்போது சுங்குடியும் காட்டன் சேலைகளும் அதிகம். அக்கா முதலில் வீட்டு வாசலில் விற்றவர். பிறகு ஸ்டேட்டஸில் படம் போட்டு விற்றார். அதற்கும் பிறகு இரண்டு பெரிய விற்பனைத் தளங்களில் கடை திறந்தார். பி.காம். முடித்துவிட்டு வந்த என்னைக் கணக்கு எழுதத்தான் சேர்த்தார் என்று நினைத்தேன். கையில் கொடுத்தது சேலைக் கட்டு.

"படிச்ச கணக்கெல்லாம் அப்புறம் தம்பி. மொதல்ல துணியைப் பார்க்கப் பழகு."

துணி பார்ப்பது என்றால் விரித்துப் பார்ப்பது அல்ல. ஜன்னலுக்கு எதிரே கட்டிய மூங்கிலில் சேலையைப் போட்டு, எதிர்வெளிச்சத்தில் முந்தியில் தொடங்கி உள்பக்கம் வரை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். பாவு இழை அறுந்திருந்தால் நெடுக ஒரு கோடு தெரியும். ஊடை விட்டுப்போயிருந்தால் குறுக்கே சல்லடை போலத் தெரியும். மேசையில் மடித்து வைத்துப் பார்த்தால் இரண்டும் கண்ணில் படாது. பிறகு கரை நெடுகக் கையால் தடவ வேண்டும். கடைசியாக, வெள்ளைத் துணியை நனைத்து ஓர் ஓரத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும். சாயம் எவ்வளவு ஒட்டுகிறது என்று லாட் எண்ணோடு நோட்டில் எழுதி வைப்போம். அடர் சிவப்பும் அரக்கும் பெரும்பாலும் கொஞ்சம் ஒட்டும்.

குறை தெரிந்த சேலையைத் தனியாக வைப்போம். சின்னக் குறை என்றால் அந்த இடத்தையே நெருக்கமாகப் படமெடுத்து, விலையைக் குறைத்து, எழுதிப் போட்டுத்தான் விற்போம். பெரிய குறை உள்ளது ஆன்லைனுக்கே போகாது. வாசலுக்கு வந்து கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறவருக்குத்தான். "நாம முன்னாடியே சொன்னா அது விவரம். அவங்க கண்டுபிடிச்சா அது ஏமாத்து" என்பார் அக்கா.

இத்தனைக்குப் பிறகும் புகார் வரும். வரும் புகார் எல்லாவற்றுக்கும் 'டேமேஜ்' என்றுதான் பெயர். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு சங்கதிகள் இருக்கின்றன. துணியின் இயல்பு, நெசவு அல்லது சாயத்தின் குறை, வழியில் பட்ட சேதம், உடுத்திய தடம். எது என்று பிரித்துவிட்டால் பதில் தானாக வரும். நான் கற்ற வேலையே இந்தப் பிரிப்புதான்.

முதலாவது, இயல்பு. கையால் கட்டிய சுங்குடியில் துணியை மடித்து, புள்ளி வர வேண்டிய இடத்தை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குகிறார்கள். நூலைப் பிரித்தால் முடிச்சுக்குள் இருந்த இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். ஒரு புள்ளி பெரிதாகவும் பக்கத்துப் புள்ளி சிறிதாகவும் இருக்கும். சிலது வட்டமாகவே இருக்காது. மெழுகு அச்சிலோ ஸ்கிரீனிலோ வந்த புள்ளிகள்தான் வரிசை மாறாமல் நிற்கும். 2005-ல் 'மதுரை சுங்குடி'க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தக் கைக்கட்டுக்காகத்தான். ஆனால் படத்தில் மட்டும் பார்த்து வாங்கிய ஒருவருக்கு, புள்ளி ஒழுங்காக இல்லாதது குறையாகத்தான் தெரியும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதனால் விற்பதற்கு முன்பே புள்ளிகளை நெருக்கமாக எடுத்த படம் ஒன்று, துணி நெருடிக்கொண்டு நிற்பது தெரிகிற படம் ஒன்று, இரண்டையும் போடுவோம். அப்படிப் போடாமல் விற்றிருந்தால், இயல்பு என்று வாதாட எங்களுக்கு உரிமை இல்லை என்பது அக்காவின் கட்சி. திருப்பி எடுத்துக்கொள்வோம்.

இயல்புக்குள் பெரிய தலைவலி நிறம். வாடாமல்லி கலர் போனில் ரோஸாகவோ நீலமாகவோ மாறிவிடும். மயில்கழுத்துக் கலரில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்பதால் திருப்பத் திருப்ப மாறும். டியூப்லைட்டில் எடுத்தால் மஞ்சள் எல்லாம் பச்சை தட்டும். காலை வெளிச்சத்தில், வெயில் நேராகப் படாத திண்ணையில், ஃபில்டர் போடாமல் எடுக்க வேண்டும் என்பது விதி. மாறும் நிறமாக இருந்தால் வீடியோவும் வேண்டும். "எந்தப் போனிலும் சரியா வராத கலருக்குப் பக்கத்துல வெள்ளைத்தாளை வை" என்றார். வெள்ளை எப்படித் தெரிகிறது என்று பார்த்தாலே படம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வாங்குகிறவர் ஊகித்துக்கொள்வார்.

இரண்டாவது, குறை. முடிச்சு தளர்ந்து ஒரு புள்ளி மங்கியிருந்தால் இயல்பு. உடல் பகுதியில் வேறு நிறச் சாயம் சொட்டியிருந்தால் குறை. 'சாயம் போகுது' என்று வரும் புகாரில்தான் இந்தக் கோடு மெல்லியது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா, சிவப்புச் சுங்குடி அலசிய தண்ணீரைப் பக்கெட்டோடு படமெடுத்து அனுப்பியிருந்தார். உடுத்தித் துவைத்த சேலையை எடுக்க முடியாது என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். அக்கா போனை வாங்கிக்கொண்டார். எத்தனையாவது அலசல், சோப்பு போட்டீர்களா, வேறு துணியோடு போட்டீர்களா என்று மூன்றே கேள்வி கேட்டார். துணியோடு சேராமல் மிஞ்சி நிற்கும் சாயம் முதல் இரண்டு அலசலில் வெளியேறுவது வழக்கம். கல்லுப்பு போட்டு ஊறவைப்பார்கள்; அதைவிட முக்கியம், தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவது. அடுத்த அலசலின் தண்ணீரையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அந்தத் தண்ணீரும், அதற்கடுத்ததும் அதே சிவப்பாக இருந்தன. பட்டறையில் சாயம் ஏற்றிய பிறகு சரியாக அலசவில்லை என்பது தெளிவாகிவிட்டது. பணம் முழுதும் போனது. நோட்டில் அந்த லாட் எண்ணைத் தேடி, மீதி இருந்த சேலைகளைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பினோம்.

குறை எங்களுடையது என்று தெரிந்தால் எழுதும் பதிலுக்கு ஓர் அமைப்பு உண்டு. 'டியர்', 'சிஸ்' கிடையாது. அம்மா அல்லது மேடம். மன்னிப்பு ஒரு வரி. பிறகு இரண்டு வழியையும் ஒரே செய்தியில் சொல்லிவிட வேண்டும்: வைத்துக்கொண்டால் இவ்வளவு குறைத்துத் திருப்பித் தருகிறோம், திருப்பி அனுப்பினால் முழுப்பணம், கூரியர் செலவும் எங்களுடையது. ஐம்பதில் தொடங்கி நூறு, இருநூறு என்று ஏலம் விடக் கூடாது. ஏலம் விட்டால் அடுத்த முறை குறையே இல்லாமல் புகார் வரும்.

மூன்றாவது, வழியில் பட்ட சேதம். ஐப்பசி கார்த்திகை மழையில் இது கூடும். கஞ்சி போட்ட காட்டன் சேலையில் ஓரமாகத் தண்ணீர் இறங்கினால் காய்ந்த பிறகு பழுப்பு விளிம்போடு கறை நிற்கும். அதைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியது சேலையின் படத்தை அல்ல, மேல் உறையின் படத்தை. உறை நைந்திருந்தால் கூரியர்காரரிடம் நாங்கள் கோருவோம். வாங்கியவரை அந்தச் சண்டைக்குள் இழுக்கக் கூடாது. அவர் பணம் கொடுத்தது எங்களிடம். உள்ளே ஒரு பாலித்தீன் உறை கூடுதலாகப் போட ஆரம்பித்த பிறகு இந்த வகைப் புகார் பெருமளவு குறைந்தது.

நான்காவதுதான் நாக்கில் கவனம் வேண்டிய இடம். விசேஷத்துக்கு உடுத்திவிட்டுத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தோள் வரும் இடத்தில் பின் குத்திய ஓட்டை, கொசுவம் விழுந்த இடத்தில் நொறுங்கிய மடிப்பு, செண்ட் வாசனை, ஃபால்ஸ் பிரித்த தையல் தடம். பார்த்ததும் புரிந்துவிடும். ஆனாலும் "கட்டிட்டு அனுப்பியிருக்கீங்க" என்று எழுதக் கூடாது. "தோள் பக்கம் பின் தடம் தெரிகிறது, படம் இணைத்திருக்கிறேன்" என்று மட்டும் எழுத வேண்டும். தடத்தைச் சொன்னால் போதும், ஆளைச் சொல்ல வேண்டாம். விற்பனைத் தளத்தில் வந்த ஆர்டரில் ஒருமுறை எங்கள் சேலைக்குப் பதில் வெளுத்த பழைய நைலக்ஸ் திரும்பி வந்தது. பார்சல் கட்டும்போதும் திரும்பி வந்ததைப் பிரிக்கும்போதும் லேபிள் தெரிய, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுக்கிற பழக்கம் அங்கே கைகொடுத்தது. தளம் கொடுக்கும் கெடுவுக்குள் ஆதாரத்தைப் போட்டதால் பணம் மீண்டது.

ஸ்டேட்டஸில் விற்கிற பலர் 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று போடுகிறார்கள். நாமும் போட்டுவிட்டால் தொல்லை இல்லையே என்று கேட்டேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, அந்த வரிக்கு மதிப்புக் கொடுப்பதில்லை என்று அக்காவின் கணக்காளர் விளக்கினார். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். அதே மாதம் வந்த மின்வணிக விதிகள், தளங்களில் விற்பவர் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. கோயம்புத்தூர்க்காரர் கோயம்புத்தூர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. எண்ணூறு ரூபாய் சேலைக்காக நாங்கள் அங்கே போய் நிற்பதா?

'சொன்ன தன்மை' என்பதில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். விசைத்தறித் துணியில் அச்சுப் போட்டதைக் கைத்தறி என்று எழுதக் கூடாது. கைத்தறிக்கு 2006 முதல் அரசின் முத்திரையே இருக்கிறது. கேட்டால் காட்ட வேண்டும். சின்னாளபட்டு என்று மட்டும் எழுதினால் வெளியூர்க்காரர் அசல் பட்டு என்று நினைப்பார். நூலை எரித்துப் பார்த்துவிட்டு, முடி கருகும் வாசனை வரவில்லை, காகித வாசனை வருகிறது என்று சண்டைக்கு வருவார். அவர் கேட்பது நியாயம். 'ஆர்ட் சில்க்' என்று முதல் வரியிலேயே எழுதுகிறோம்.

இதில் இறங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: விற்பதற்கு முன் குறையை எழுதுங்கள், பில் கொடுங்கள், பார்சலை வீடியோ எடுங்கள், புகார் வந்தால் படம் பார்க்கும் முன் பதில் சொல்லாதீர்கள். வாங்குகிறவர்களுக்கு: மேல் உறையைப் படமெடுத்துவிட்டுப் பிரியுங்கள், அன்றே பகல் வெளிச்சத்தில் முழுச் சேலையையும் விரித்துப் பாருங்கள், ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கும் முன் சொல்லுங்கள். விற்றவர் செவிசாய்க்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.