கோடிக்கரையில் ஒரு நண்பர்

மார்கழியில் கோடிக்கரைக்குச் சென்றிருக்கிறீர்களா? 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்நிலத்தில் வெளிமான்கள் துள்ளும்; உப்பங்கழியில் பூநாரைகள் கூட்டமாய் நிற்கும். கைக்குள் அடங்கும் கொசு உள்ளான்கள் சைபீரியாவின் வடகோடியிலிருந்து வந்து இரை தேடும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) வழிகாட்டிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார், இங்கே பறவைகளின் கால்களில் வளையமிட்டு ஆராய்ந்தனர்.

எங்கள் பறவை நோக்கும் குழுவில் பெரியவர் ஒருவர் இருந்தார். பறவைகள் மிரளும் என்று நாங்கள் தடுத்தும் சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றமாட்டார். “அவற்றுக்கு என்னைத் தெரியும்” என்று சிரிப்பார். மணலில் ஃபஜ்ர் தொழுதபின், முல்க் அத்தியாயம் பறவைகளைக் கவனிக்கச் சொல்வதை நினைவூட்டியபடியே அனைவருக்கும் சுக்குக் காப்பி ஊற்றுவார்.

“பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், தம்பி” என்பார் ஆண்டுதோறும். “அடுத்த முறை, இன்ஷா அல்லாஹ்” என்பேன். அந்தப் புனிதச் சொல்லை நான் சாக்காக்கிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவர் வஃபாத்தானார். இம்முறை பிள்ளைகளுடன் போனேன். பூநாரைகள் வந்திருந்தன, அழைத்தவர் இல்லை.

“வாப்பா, அந்தப் பெரியவர் எங்கே நிற்பார்?” என்றான் இளையவன். இடத்தைக் காட்டினேன். அங்கேயே துஆச் செய்தோம்.

வாசகர்களே, அன்புடன் அழைப்பவரைக் காத்திருக்க வைக்காதீர்கள். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்துச் சுவனம் அருள்வானாக, ஆமீன்.