தங்கை கண்ட பாரிஸ்

மேல்நாட்டு யாத்திரை செல்வர்களுக்கே உரியது என்று எண்ணியிருந்த குடும்பம் எங்களுடையது. தந்தையார் கரக்பூர் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அதே ஊரில் ரயில்வே குமாஸ்தா. பிறர் பயணத்துக்குச் சீட்டுக் கொடுத்தே காலம் கழிப்பவன். என் தங்கை மட்டும் வங்கிக் கடன் பெற்று, பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் மேற்படிப்புப் படிக்கிறாள்.

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, நாளை பாரிஸ் போகிறேன். ஞாயிறு இரவு திரும்பிவிடுவேன்" என்றாள். "கடன் வாங்கிப் படிக்கப் போனவளுக்கு ஊர் சுற்றல் ஒரு கேடா?" என்று கடிந்து கொண்டேன். தந்தையாரும் ஆமோதித்தார். அவள் மறுமொழி கூறவில்லை. அந்த மௌனம் இரண்டு நாளும் என் நெஞ்சை உறுத்திற்று.

திங்களன்று அவளிடமிருந்து நீண்ட மடல் ஒன்று வந்தது. முதலில் கணக்கு எழுதியிருந்தாள். தங்கியது தோழியின் அறையில். உணவு கையோடு கொண்டு போனது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 26 வயது நிரம்பாத இளைஞர்களுக்கு, பிரெஞ்சு அரசின் அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகளைக் காணக் கட்டணமில்லை. முன்கூட்டியே வாங்கிய குறைந்த விலை ரயில் சீட்டுத்தான் பெருஞ்செலவு. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம் வரை செல்லும் அந்த வண்டி, இரண்டு மணி நேரத்துக்குள் அவளைப் பாரிஸில் சேர்த்துவிட்டது.

சனியன்று ஈபெல் கோபுரத்தின் இரண்டாம் தளம் வரை 674 படிகளையும் ஏறியிருக்கிறாள். மின்தூக்கியைவிட அது மலிவு. கோபுரத்தின் உயரம் 330 மீட்டர். அதைக் கட்டிய ஈபெலின் நிறுவனம் ரயில் பாலங்கள் அமைப்பதில் பெயர் பெற்றது என்பதை நம் ரயில்வே அன்பர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். 1889ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக எழுந்த அந்தக் கோபுரத்துக்கு விதித்த ஆயுள் 20 ஆண்டுகளே. கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டதால் அது பிழைத்தது.

மாலையில் ஸெயின் நதிக்கரை வழியே நடந்து நோத்ருதாம் தேவாலயம் சேர்ந்தாள். 2019 ஏப்ரலில் தீக்கிரையான அதன் கூரையைப் புதிதாக அமைத்து, 2024 டிசம்பரில் ஆலயத்தை மீண்டும் திறந்திருக்கிறார்கள். அங்கும் நுழைவுக் கட்டணமில்லை.

ஞாயிறு முழுவதையும் அவள் ஓரிடத்திலேயே செலவிட்டாள். ஓர்சே அருங்காட்சியகம் என்பது அதன் பெயர். "அண்ணா, இது உனக்காகப் பார்த்தது" என்று எழுதியிருந்தாள். காரணம், அது ஒரு பழைய ரயில் நிலையம்!

1900ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கென விக்டர் லலூ என்னும் சிற்பி அதைக் கட்டினார். உள்ளே வந்தவை மின்சார வண்டிகள். ஆகவே புகையில்லை, கரியில்லை. அரண்மனை போல அலங்கரிக்க முடிந்தது. பெருங்கூடத்தின் நீளம் 138 மீட்டர், உயரம் 32 மீட்டர். ஆனால் நாளடைவில் ரயில்கள் நீண்டன. பிளாட்பாரங்கள் போதவில்லை. 1939இல் நெடுந்தூர வண்டிகள் நின்று போயின. ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானதென்று புகழ்பெற்ற 1,072 மீட்டர் பிளாட்பாரத்தில் விளையாடி வளர்ந்த எங்களுக்கு இது வியப்பன்றோ!

போர்க் காலத்தில் சிறைப்பட்ட வீரர்களுக்குப் பொட்டலங்கள் அனுப்பும் இடமாகவும், 1945இல் அவர்கள் திரும்பியபோது வரவேற்கும் இடமாகவும் அது உதவிற்று. பின்னர் இடிக்க எண்ணினார்கள். நல்லோர் சிலரின் முயற்சியால் தப்பி, 1986இல் அருங்காட்சியகமாயிற்று. பழைய பெருங்கடிகாரம் இன்றும் அங்கே மணி காட்டுகிறது. 1877இல் மோனே தீட்டிய ஸான் லஸார் ரயில் நிலையத்தின் ஓவியமும் அங்கேதான் இருக்கிறது. இஞ்சின் புகை கண்ணாடிக் கூரையின் கீழ் நீல மேகமாய்ச் சுழலும் அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றாளாம். "அப்பாவின் சட்டை வாசனை நினைவுக்கு வந்தது" என்று எழுதியிருந்தாள்.

மடலைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நிலையத்தை மூடினார்களே, அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்? கேட்டு எழுதச் சொல்" என்றார்.

அன்றிரவே கேட்டேன். "ஆட்களைப் பற்றித் தெரியவில்லை, அண்ணா. நெடுந்தூர வண்டிகள் ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்தோடு நின்றுகொண்டன. ஆனால் அருங்காட்சியகத்தின் அடியில் இன்றும் புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. நான் அதில்தான் வந்து இறங்கினேன்" என்றாள்.

"அப்படியா, வண்டி ஓடுகிறதா!" என்றார் தந்தையார். அவர் முகம் மலர்ந்தது.

கடன் அப்படியே இருக்கிறது. மாதத் தவணையைப் பற்றிய கவலையும் இருக்கிறது. ஆயினும் அடுத்த விடுமுறைக்கு எங்கே போகப் போகிறாய் என்று நானே அவளைக் கேட்டுவிட்டேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பியுள்ள அன்பர்கள், "செலவு எவ்வளவு?" என்று கேட்கும்போதே, "என்ன கண்டாய்?" என்றும் ஒரு வார்த்தை கேட்பார்களாக.