கார்புரேட்டருக்குக் கீழே ஒரு போல்ட்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் தன் அப்பாவின் பழைய காரைக் காட்டி, "தாத்தா, ரேடியேட்டர்ல தண்ணி குறையுது. ஆனா கீழ ஒரு சொட்டுகூட இல்ல. எங்கதான் போகுது?" என்று கேட்டான். பானட்டைத் திறந்து பார்த்தேன். ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தது. சூடான இன்ஜின்மேல் கசிந்து அங்கேயே ஆவியாகிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிட வேலை. ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னை 1981-க்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது நான் சேலத்தில் ஓர் அரசுத் துறையின் ஒர்க்‌ஷாப்பில் இரண்டாம் நிலை மெக்கானிக். வயது இருபத்தாறு. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. எங்களிடம் இருந்தவை எல்லாம் பெட்ரோல் ஜீப்புகள். ஹரிக்கேன் என்று பெயர் கொண்ட நாலு சிலிண்டர் இன்ஜின், சுமார் 2.2 லிட்டர். இதில் இன்லெட் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். இன்ஜின் உயரமாகிவிட்டதால்தான் அந்த மாடல் ஜீப்புக்குப் பானட்டையும் உயர்த்தினார்கள்.

ஒரு ஜீப் கேஸ்கட் போய் வந்தது. ஹெட்டை இறக்கி, கரி சுரண்டி, புது கேஸ்கட் போட்டு ஏற்றினேன். மறுநாளே ஓரத்தில் இரண்டு ஹெட் போல்ட்டுகளின் அடியில் துருநிறக் கோடு. கை வைத்தால் ஈரம். நான் என்ன செய்தேன்? ஸ்பேனரில் பைப்பை மாட்டி இன்னும் இறுக்கப் போனேன். எங்கள் ஃபோர்மேன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"போல்ட்டை முறிச்சிட்டு அப்புறம் பிளாக்குல துளை போட்டு எடுக்கப் போறியாப்பா?" என்றார்.

அன்று அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். சில இன்ஜின்களில் ஹெட் போல்ட் இறங்கும் ஓட்டைகளில் சில, அடியில் மூடியிருக்காது. நேரே பிளாக்கின் தண்ணீர் அறைக்குள் திறந்திருக்கும். இறுக்கினால் போல்ட் ஹெட்டைத்தான் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது. மரைக்கும் மரைக்கும் நடுவே உள்ள இடுக்கு ஒரு சுருள் படிக்கட்டு மாதிரி. இன்ஜின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறியதும் தண்ணீர் அந்தப் படிக்கட்டில் ஏறி போல்ட் தலைக்கு அடியில் எட்டிப் பார்க்கும். எவ்வளவு இறுக்கினாலும் வழி அடைபடாது. மரையில் பசை பூசினால்தான் அடைபடும்.

இன்ஜினை நன்றாக ஆறவிட்டு, ஹெட்டின் மட்டத்துக்குக் கீழே வரும்வரை தண்ணீரை வடித்தோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்ட்டை மட்டும் கழற்றினோம். மற்றவை இறுக்கமாக இருந்தால் கேஸ்கட் அசையாது. போல்ட் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டைக்குள் டேப் விட்டுத் துருவை எடுத்து, காற்றடித்து உலர்த்தினோம். மரை முழுக்க வெள்ளை ஈயப் பசை பூசி இறக்கினோம். இப்போது கடைகளில் டெஃப்லான் கலந்த பசை கிடைக்கிறது, அதுவே நல்லது. அடி மூடிய ஓட்டையாக இருந்தால் வேறு கதை. அதில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்க போல்ட்டை இறக்கினால், அது வெளியேற வழியில்லாமல் பிளாக்கையே விரிசல் விட வைக்கும்.

பிறகு நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். கடைசிச் சுற்றில் டார்க் ரெஞ்ச் 60-க்கும் 70 அடி-பவுண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஒருமுறை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி பார்க்க வேண்டும்.

எல்லாம் செய்தேன், ஒன்றைத் தவிர. அந்த ஹரிக்கேன் இன்ஜினில் ஒரு ஹெட் போல்ட் கண்ணுக்கே தெரியாது. கார்புரேட்டரைக் கழற்றினால்தான், காற்று போகும் வழிக்குள்ளே அதன் தலை தெரியும். ஹெட் ஏற்றிய அன்று அதை முதல் சுற்று மட்டும் இறுக்கியிருந்தேன். அதற்குள் ஜீப் அவசரமாக வேண்டும் என்று ஆள் வந்துவிட்டது. கார்புரேட்டரை மாட்டி வண்டியைக் கிளப்பிவிட்டேன். பசை பூசிய அன்றும் அந்த ஒன்றுக்காகக் கார்புரேட்டரைக் கழற்றச் சோம்பல். ஃபோர்மேன் "எல்லாம் பார்த்தாச்சா?" என்று கேட்டார். "ஆச்சுங்க" என்றேன்.

வெளிக்கசிவு நின்றது. ஆனால் பத்து நாள் கழித்து டிரைவர் அண்ணன் வந்தார். "தம்பி, காலைல ரொப்புறேன், சாயந்திரம் பார்த்தா ஒரு லிட்டருக்கு மேல காணோம். கீழ ஈரமே இல்ல" என்றார். நான், "மூடியைச் சரியா மூடுங்கண்ணே" என்று அனுப்பிவிட்டேன். யாரோ சொன்னார்கள் என்று ரேடியேட்டரில் மஞ்சள் தூள்கூடப் போட்டுப் பார்த்தார், பாவம்.

அடுத்த வாரம் அந்த ஜீப் அதிகாரியோடு கொல்லிமலைக்குப் போனது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் கொதித்து நின்றுவிட்டது. அதிகாரி நடுரோட்டில். மறுநாள் டிரைவர் அண்ணனுக்கு மெமோ: தண்ணீர் பார்க்காமல் வண்டி ஓட்டிய கவனக்குறைவுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?

அவர் ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. குற்றச்சாட்டு நிலுவையில் இருக்க ஓய்வு பெற்றால் பணப்பலன்கள் தொங்கிவிடும். மகளுக்கு அந்தப் பணத்தை நம்பித்தான் வரன் பேசியிருந்தார். அவர் ஒர்க்‌ஷாப் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தாளை மடித்து மடித்துப் பிரித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. விடியற்காலையில் போய் பிளக்குகளைக் கழற்றினேன். நடு இரண்டும் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தன. உள்ளே நீராவி போனால் கரி இப்படித்தான் போகும். கார்புரேட்டரைத் தூக்கினேன். டார்ச் வெளிச்சத்தில் அந்தப் போல்ட்டின் தலை ஈரமாகப் பளபளத்தது. ரெஞ்ச் வைத்தேன், முக்கால் சுற்று சும்மா சுற்றியது. கேஸ்கட் அந்த இடத்தில் அமுங்கவே இல்லை. கசிந்த தண்ணீரை இன்ஜின் தானே உறிஞ்சிப் புகைக்குழாய் வழியாக ஆவியாக அனுப்பிக்கொண்டிருந்தது. கீழே எப்படி ஈரம் இருக்கும்?

இறுக்கி மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். ரெஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். பிறகு எதையும் தொடாமல் ஃபோர்மேன் வரும்வரை காத்திருந்து காட்டினேன். அவர் திட்டவில்லை. "எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாதம் இன்க்ரிமென்ட் நின்றது. அண்ணனின் மெமோ கைவிடப்பட்டது.

அவர் ஓய்வு பெற்ற நாளில் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பெட்டி மைசூர்பாக்கோடு வந்தார். நான் ஏதோ மன்னிப்புச் சொல்ல வாயெடுத்தேன். "அத விடு தம்பி. புது டிரைவருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் போல்ட்டை இன்னொரு தடவை பார்த்துடு" என்றார்.

அன்றே கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதன்பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். எந்த ஹெட்டை ஏற்றினாலும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் சாக்பீஸால் ஒரு புள்ளி வைக்காமல் எழுந்ததில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் ஹோஸ் கிளிப்பை இறுக்கிவிட்டும், பழக்க தோஷம், ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.