ஒருமுறை அழுத்தினால் போதும்

முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரை வெறுமையாகி, முழுப் பக்கமும் புதிதாக வரும். இப்போது பக்கம் அப்படியே நிற்கிறது. வேண்டிய பகுதி மட்டும் மாறுகிறது. வரைபடத்தை விரலால் இழுத்தால் அடுத்த தெரு வந்து சேர்கிறதே, அது இந்த வித்தைதான்.

இதை ‘அசின்க்ரனஸ்’ என்கிறார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ‘அசேன்க்ரோன்’. மூலம் கிரேக்கம். ‘குரோனோஸ்’ என்றால் காலம், ‘சின்’ என்றால் சேர்ந்து. முன்னால் நிற்கும் ‘அ’, நம் ‘அநீதி’யில் வருவது போல இல்லை என்று சொல்கிறது. அதாவது, கேட்டது கிடைக்கும்வரை மற்ற வேலை நிற்க வேண்டியதில்லை.

அலுவலக வழக்கில் சொல்கிறேன். ஒரு தாளுக்காக எழுத்தரே ரெக்கார்டு ரூமுக்குப் போனால், மேசை முன் வரிசை நிற்கும். பியூனிடம் சீட்டைக் கொடுத்தனுப்பிவிட்டு அடுத்த மனுவைப் பார்த்தால் வேலை ஓடும். தாள் வந்ததும் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம். இந்தப் பியூன் 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியில் வேலைக்குச் சேர்ந்தார். 2004-இல் ஜிமெயிலும் 2005-இல் கூகுள் மேப்ஸும் அவருடைய திறமையை ஊரறியச் செய்தன. அதே 2005-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் இந்த முறைக்கு ‘ஏஜாக்ஸ்’ என்று பெயர் வைத்தார்.

நம் வயதினருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. பக்கம் அசையாததால், அழுத்தியது பதிந்ததா என்று தெரிவதில்லை. மறுபடி அழுத்துகிறோம், இரண்டாவது பியூனும் கிளம்பிவிடுகிறார். செய்தி படிக்கும்போது இதனால் நஷ்டமில்லை. பணம் கட்டும்போது? என் நண்பர் ஒருவர் ஒரே கட்டணத்தை இரண்டு முறை கட்டிவிட்டு, அதைத் திரும்பப் பெறப் பல வாரம் அலைந்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டை வாங்கிக்கொண்ட பியூன் தலையையாவது ஆட்ட வேண்டாமா? அழுத்தியவுடன் பொத்தானை முடக்கி, ‘காத்திருக்கவும்’ என்று காட்டுவது நிரல் எழுதுகிறவர் கடமை. காரியம் தவறினால் அதையும் சொல்ல வேண்டும். ஒரே கோரிக்கை இருமுறை வந்தால் ஒன்றைத்தான் ஏற்க வேண்டும். அனுப்பும் எண்ணை முத்திரையிட்டுப் பதிவேட்டில் ஏற்றிய நாங்கள், ஒரே மனுவுக்கு இரண்டு எண் கொடுத்ததில்லை.

எல்லா இடத்திலும் அந்தக் கவனத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே நண்பர்களே, ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வட்டம் சுழல்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால், மறுபடி அழுத்துமுன் வங்கியின் குறுஞ்செய்தியையும் கணக்கின் இருப்பையும் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் பொறுப்பது, ஐந்து வாரம் அலைவதைவிட மேல்.